சக்கரம் சுழல ஒலித்த வானொலி

ஒரு கருவியின் வரலாறு அதனைச் செய்து முடித்த தொழிற்சாலையின் வாயிலோடு நின்றுவிடுவதில்லை. வாங்கியவர் கையில் அது எவ்வாறு திருத்தப்பட்டது, எத்தேவைக்காக மாற்றியமைக்கப்பட்டது, எவ்வளவு காலம் உயிரோடு காக்கப்பட்டது என்பனவும் அதன் வரலாற்றின் பகுதிகளே. அரசர் வாழ்வையும் ஆட்சி மாற்றத்தையும் எழுதுவோர் இத்தகைய சிறு வரலாறுகளைப் பெரும்பாலும் ஏட்டிற் பதிப்பதில்லை. எனினும் ஒரு மக்கட் கூட்டத்தின் அறிவும் உறுதியும் சில வேளைகளில் அவற்றிலேதான் தெளிவாகத் தென்படுகின்றன. வன்னிப் பெருநிலப்பரப்பில் 1990ஆம் ஆண்டுக்குப் பின் வானொலிப் பெட்டி அடைந்த மாற்றம் அத்தகைய வரலாறுகளுள் ஒன்றாகும்.

இலங்கையில் வானொலி பிறந்ததே ஒரு பழைய கருவியைப் புதுப்பணிக்கு மாற்றியமைத்ததனால் என்று கூறலாம். முதலாம் உலகப் போரிற் கைப்பற்றப்பட்ட ஜேர்மன் நீர்மூழ்கிக் கப்பல் ஒன்றின் வானொலி உறுப்புக்களைக் கொண்டு, கொழும்புத் தந்தி அலுவலகத்தின் பொறியியலாளர்கள் சிறிய ஒலிபரப்பி ஒன்றை அமைத்தனர் என்பது இந்நாட்டு வானொலி வரலாற்றில் வழிவழியாகக் கூறப்படும் செய்தி. அம்முயற்சிக்குத் தலைமை தாங்கியவர் தந்தித் திணைக்களத்தின் பிரதம பொறியியலாளராக விளங்கிய எட்வேட் ஹாப்பர். 1923ஆம் ஆண்டளவில் தந்தி அலுவலகத்தின் சிறிய அறை ஒன்றிலிருந்து இசைத்தட்டுக்களைச் சுழலவிட்டுப் பரிசோதனை ஒலிபரப்பு நடத்தப்பட்டது. 1925 டிசம்பர் 16இல் தேசாதிபதி சேர் ஹியூ கிளிபோர்ட் கொழும்பு வானொலியை முறைப்படி ஆரம்பித்து வைத்தார். இரண்டாம் உலகப் போரின்போது தென்கிழக்காசியாவின் நேசப் படைகளுக்கென இத்தீவில் அமைக்கப்பட்ட ஆற்றல் மிக்க சிற்றலை நிலையமும் போருக்குப் பின்னர் இலங்கை அரசின் கைக்கு வந்தது. 1949இல் 'றேடியோ சிலோன்' என்னும் பெயர் வழங்கலாயிற்று. இவ்வாறு போருக்காகச் செய்யப்பட்ட கருவிகள் இருமுறை அமைதிப் பணிக்குத் திரும்பின. வன்னியில் நிகழ்ந்ததோ வேறு. அங்கே அமைதிக் காலத்துக்கென விற்கப்பட்ட எளிய பெட்டி ஒன்று, போரின் நடுவே பேச்சிழந்து போகாமற் காக்கப்பட வேண்டியிருந்தது.

வன்னியின் வாழ்க்கை குளத்தையும் காட்டையும் சார்ந்தது. இரணைமடுக் குளத்தின் நீரை நம்பி, யாழ்ப்பாணக் குடாநாட்டின் குடிநெருக்கத்தையும் வேலையின்மையையும் தணிக்கும் நோக்குடன், 1936இல் கிளிநொச்சியிற் குடியேற்றத் திட்டம் தொடங்கப்பட்டது. காடு வெட்டிக் கழனி திருத்திய அக்குடும்பங்களுக்கு அயலூர்ச் செய்தி எட்டுவதே அரிதாக இருந்தது. அக்காலத்து வானொலியோ வெற்றிடக் குழாய்களால் இயங்கிய பெரிய மரப்பெட்டி. வால்வு என்று மக்கள் வழங்கிய அக்குழாய்களினுள்ளே மின்னிழை ஒன்று சூடேறிச் சிவந்த பின்னரே குரல் எழும். மின்சாரம் இல்லாத ஊர்களில் அதற்கு இருவகை மின்கலங்கள் தேவைப்பட்டன. இழையைச் சூடாக்க ஏறத்தாழ ஒன்றரை வோல்ற்றுத் தரும் கலம் ஒன்று. குழாயின் தகட்டுக்கு 90 வோல்ற்று வரை தரும் பெருங்கலம் மற்றொன்று. பெட்டியின் விலையினும் அதற்குத் தீனி போடும் செலவே பலரை அஞ்சச் செய்தது. ஆகவே வானொலி கடைத்தெருவிலும் வசதி படைத்த சிலரின் வீட்டு விறாந்தையிலும் மட்டுமே குடியிருந்தது. மற்றையோர் அங்கு சென்று நின்று கேட்டனர்.

இந்நிலையை மாற்றியது திரான்சிஸ்டர் என்னும் சிறு பொருள். அமெரிக்காவின் பெல் ஆய்வுகூடத்தில் பார்டீன், பிரட்டெயின், சொக்லி ஆகிய மூவரின் முயற்சியால் 1947 டிசம்பரில் அது தோன்றியது. 1956இல் அம்மூவருக்கும் நோபல் பரிசை ஈட்டித் தந்தது. 1954இல் முதலாவது திரான்சிஸ்டர் வானொலி அமெரிக்காவில் விற்பனைக்கு வந்தது. சூடேற வேண்டிய இழை இல்லை. 90 வோல்ற்றுக் கலம் இல்லை. மின்சூழ் விளக்குக்கு இடும் சாதாரண மின்கலங்கள் நான்கு, சிறு பெட்டியாயின் இரண்டு, இருந்தாற் போதும். அடுத்து வந்த ஆண்டுகளில் வானொலி விறாந்தையை விட்டு இறங்கி வயல் வரப்புக்கும் காவற் கொட்டிலுக்கும் முல்லைத்தீவுக் கடற்கரையின் மீன்வாடிக்கும் சென்றது. இலங்கை வானொலியின் தமிழ்ச் சேவைகளோடு திருச்சி வானொலியும் வன்னி மக்களுக்கு வீட்டுக் குரல்களாயின. பெட்டி சிறிதாயிற்று, செலவு குறைந்தது, ஆனால் ஒரு கட்டு மட்டும் எஞ்சியிருந்தது. கடையில் மின்கலம் கிடைக்கும் வரையிலேதான் அப்பெட்டி பேசும்.

1990 ஜூன் மாதத்தில் அரச படையினருக்கும் தமிழீழ விடுதலைப் புலிகளுக்கும் இடையே போர் மீண்டும் மூண்டபோது அக்கட்டு அறுந்தது. வடக்கிற்கான மின்விநியோகம் நின்றுபோயிற்று. புலிகளின் கட்டுப்பாட்டில் இருந்த பகுதிகளுக்குக் கொண்டுசெல்லக் கூடாதவை எனப் பல பொருள்களுக்கு அரசாங்கம் தடை விதித்தது. எரிபொருளோடு மின்கலமும் அப்பட்டியலில் இடம்பெற்றது. போர்க் கருவிகளுக்கும் வெடிபொருள்களுக்கும் அது பயன்படக்கூடும் என்பதே கூறப்பட்ட காரணம். வவுனியா நகரின் கடைகளில் எவரும் விலை கொடுத்து வாங்கக்கூடியதாக இருந்த சிறு மின்கலம், தாண்டிக்குளத்துச் சோதனைச் சாவடிக்கு அப்பால் தடைசெய்யப்பட்ட பொருளாயிற்று. சில மைல் தூரமே இருவேறு உலகங்களைப் பிரித்தது.

மின்கலம் இல்லையென்றால் இசை நின்றுவிட்டது என்பது மட்டும் பொருளன்று. தொலைபேசி இல்லை. கொழும்புப் பத்திரிகைகள் நாள்கள் பல கடந்தே வந்தன, அல்லது வராமலே போயின. எந்தப் பாதை திறந்திருக்கிறது, எவ்வூரில் எறிகணை வீழ்ந்தது, பேச்சுவார்த்தை நடைபெறுமா என்பனவற்றை அறிய வானொலியை விட்டால் வேறு வழி அரிது. 1995 அக்டோபர் இறுதியில் வலிகாமத்து மக்கள் இலட்சக்கணக்கில் இடம்பெயர்ந்தபோது, அவர்களுட் பெருந்தொகையினர் கிளாலிக் கடலேரியைக் கடந்து வன்னியை அடைந்தனர். அடுத்த ஆண்டு யாழ்ப்பாணம் அரசின் கட்டுப்பாட்டிலும் வன்னியின் பெரும்பகுதி புலிகளின் கட்டுப்பாட்டிலும் ஆகவே, தாய் ஓரிடமும் மக்கள் ஓரிடமுமாகப் பல குடும்பங்கள் பிரிந்தன. அவர்களுக்கு இரவுச் செய்தி என்பது பொழுதுபோக்கன்று. உறவினர் இருக்கும் ஊரின் நலம் விசாரிக்கும் ஒரே வழி.

முதலில் மக்கள் பழைய மின்கலங்களையே மீண்டும் உழைப்பிக்க முயன்றனர். ஓய்ந்துபோன கலங்களை வெயிலிற் காயவைத்தனர். சூடு ஏறும்போது உள்ளே எஞ்சியிருக்கும் இரசாயனத் தாக்கம் சற்று விரைவடைவதால் சிறிது நேரம் குரல் வரும். சிலர் கலத்தின் உடலிலே சிறு துளையிட்டு உப்பு நீர் புகுத்தினர். உலர்ந்த பசை ஈரம் பெற்று மேலும் சில நாள் உதவும். ஆயினும் நாகத் தகடு கரைந்து தீர்ந்த பின் எவ்வைத்தியமும் பலியாது. வேறொரு மூலத்தைத் தேட வேண்டியதாயிற்று. அம்மூலம் வீட்டு முற்றத்திலேயே சுவரிற் சாய்ந்து நின்றது. அதுவே துவிச்சக்கர வண்டி.

எரிபொருள் கிடையாத அந்நாள்களில் துவிச்சக்கர வண்டியே வன்னியின் வாகனம், பொதிவண்டி, நோயாளர் வண்டி யாவும் ஆயிற்று. அதன் சில்லோடு உராய்ந்து சுழலும் டைனமோ என்னும் சிறு மின்பிறப்பாக்கி இரவிலே முன்விளக்கை எரிப்பதற்கென அமைந்தது. கம்பிச் சுருள் ஒன்றின் நடுவே காந்தம் சுழன்றால் சுருளில் மின்னோட்டம் எழும். 1831இல் மைக்கேல் பரடே கண்டறிந்த மின்காந்தத் தூண்டல் இதுவே. வழமையான டைனமோ 6 வோல்ற்றில் 3 வாற்று வலுத் தருவது. சிறு வானொலிக்கு வேண்டியதோ ஒரு வாற்றினும் குறைவு. வலுவுக்குக் குறைவில்லை. ஆனால் கம்பியை நேரே வானொலியோடு இணைத்தால் அது பாடாது, பழுதாகும்.

காரணம் எளிது. மின்கலம் தருவது ஒரே திசையில் ஓடும் நேரோட்டம். டைனமோ தருவது திசை மாறி மாறி ஓடும் ஆடலோட்டம். ஆகவே நான்கு இருவாயிகளைப் பால வடிவிற் பூட்ட வேண்டும். டயோட் என்று கடைக்காரர் சொல்லும் இவ்விருவாயி, மின்னோட்டத்தை ஒரு பக்கமாக மட்டும் போகவிடும் கதவு போன்றது. நான்கு கதவுகளைத் தக்கபடி அமைத்தால், எத்திசையிலிருந்து வந்த ஓட்டமும் ஒரே வாயிலாக வெளியேறும். அப்படி வந்த ஓட்டமும் அலையலையாக எழுந்து விழுவதாகையால், 1000 மைக்கிரோபரட் அளவிலான கொள்ளளவி ஒன்றைக் குறுக்கே இணைக்க வேண்டும். மழைநீரைத் தேக்கி வைத்து வயலுக்குச் சீராகப் பாயவிடும் குளத்தைப் போல, அது மின்னூட்டத்தைத் தேக்கி ஒழுங்காகக் கொடுக்கும். கொள்ளளவி சிறிதானால் செய்தியாளர் குரலோடு வண்டின் இரைச்சல் போன்றதோர் ஒலியும் சேர்ந்து வரும்.

மற்றொரு நுட்பமும் உண்டு. டைனமோவின் மின்னழுத்தம் சுழலும் வேகத்தோடு ஏறுவது. விளக்கு எரியும்போது அது அடங்கியிருக்கும்; விளக்கைக் கழற்றிவிட்டுச் சிறு வானொலியை மட்டும் இணைத்தால், விரைவாக மிதித்த கணத்தில் மின்னழுத்தம் பன்மடங்கு உயர்ந்து திரான்சிஸ்டர்களை எரித்துவிடும். இதற்கு விலையுயர்ந்த சீராக்கி வேண்டியதில்லை. வண்டியின் மின்குமிழையே வானொலிக்குப் பக்கத்தில் இணைத்து விட்டால், மிகையான வலுவை அது உண்டு ஒளியாக்கிவிடும். ஆகவே வானொலி ஒலித்த முற்றத்தில் ஒரு சிறு விளக்கும் எரிந்தது. மண்ணெண்ணெயைச் சிக்கனப்படுத்த ஜாம் போத்தலில் திரியிட்டு விளக்கேற்றிய காலத்தில் அவ்வொளியும் ஒரு பேறே.

வண்டியைத் தலைகீழாகக் கவிழ்த்து, இருக்கையும் கைபிடியும் நிலத்திற் படும்படி நிறுத்துவர். ஒருவர் மிதியைக் கையாற் சுழற்றுவார். அல்லது பின் சில்லு நிலத்திற் படாதவாறு தாங்கியில் நிறுத்தி, ஏறியிருந்து மிதிப்பர். மிதி ஒருமுறை சுற்றப் பின் சில்லு ஏறத்தாழ இரண்டரை முறை சுற்றும். சில்லு ஒருமுறை சுற்ற டைனமோவின் சிறு உருளை 30 முறை வரை சுற்றும். ஆகவே மெல்ல மிதித்தாலும் காந்தம் விரைந்து சுழன்றது. ஆனால் வேகம் ஒரே சீராக இருக்க வேண்டும். தளர்ந்தாற் குரல் தேயும். அதுமட்டுமன்று, சிற்றலை நிலையங்களைப் பிடித்து வைத்திருக்கும் அலைவுச் சுற்று மின்னழுத்தம் மாறினால் தன் இடத்தினின்று சற்று நழுவும். நழுவினால் நிலையமும் மறையும். அரைமணிச் செய்தியைக் கேட்க அரைமணி நேரம் ஒரே தாளத்தில் மிதிக்க வேண்டும். இளைஞர் மிதிக்க முதியோர் கேட்டனர். களைத்தவர் இறங்க மற்றவர் ஏறினார். அயல் வீட்டாரும் சுற்றி அமர்ந்தனர். தனித்தனி வீடுகளுக்குட் சென்றிருந்த வானொலி, வால்வுப் பெட்டிக் காலத்தைப் போல மீண்டும் ஊருக்குப் பொதுவாயிற்று.

அவர்கள் தேடிய அலைகள் பல. இலங்கை வானொலி அரசின் செய்தியைச் சொன்னது. வன்னியிலிருந்தே ஒலிபரப்பான புலிகளின் குரல் அவர்களது செய்தியைச் சொன்னது. இரு தரப்புக்கும் அப்பாலிருந்து கேட்க விரும்பியோர் இலண்டன் பி.பி.சி.யின் தமிழோசையையும் பிலிப்பைன்ஸ் நாட்டு மணிலாவிலிருந்து வந்த வெரித்தாஸ் தமிழ்ப் பணியையும் நாடினர். 1941 முதல் தமிழில் ஒலித்த பி.பி.சி.யின் குரல், வானத்தின் மின்மப் படலத்திற் பட்டுத் தெறித்து, ஆயிரக்கணக்கான மைல்களைக் கடந்து, மின்சாரம் அற்ற காட்டோரக் கொட்டில் ஒன்றை அடைந்தது. ஒரு நிலையம் சொன்னதை மற்றொன்று சொன்னதோடு ஒப்பிட்டு எது உண்மை எனத் துணிவது வன்னி மக்களின் அன்றாடப் பழக்கமாயிற்று. கேட்கும் உரிமையோடு எடைபோடும் அறிவையும் அச்சக்கரம் அவர்களுக்குக் காத்துத் தந்தது.

இம்மாற்றத்தைச் செய்தவர்கள் பெயர் பெற்ற விஞ்ஞானிகள் அல்லர். ஊர்ச் சந்தியில் வானொலி திருத்துவோரும், பாடசாலையிற் பௌதிகம் கற்ற மாணவருமே. வாங்குதற்குப் புதிய உறுப்புக்கள் அரிதாகையால், பழுதடைந்த பெட்டிகளிலிருந்தே இருவாயிகளும் கொள்ளளவிகளும் பெயர்த்தெடுக்கப்பட்டன. பாடநூலில் வெறும் வரைபடமாகக் கிடந்த பாலச் சுற்று முற்றத்திலே உயிர் பெற்றது. ஒருவர் செய்ததைப் பார்த்து மற்றொருவர் செய்தார். காப்புரிமை கோருவோர் எவருமில்லை.

காலால் மிதித்து வானொலியை இயக்குதல் உலகிற்குப் புதியதன்று. அவுஸ்திரேலியாவின் பரந்த உள்நாட்டிலே தனித்திருந்த பண்ணைகள் மருத்துவரை அழைப்பதற்கென, அல்பிரட் திரேகர் என்னும் பொறியியலாளர் 1920களின் இறுதியில் மிதி வானொலியை அமைத்தார். பறக்கும் மருத்துவர் சேவை அதனாலேயே பயன் மிக்கதாயிற்று. 1991இல் இங்கிலாந்தின் திரெவர் பெய்லிஸ், ஆபிரிக்கக் கிராமங்களுக்கு நோய்த் தடுப்பு அறிவு சென்றடைய வேண்டுமென்று எண்ணி, கையால் முறுக்கி இயக்கும் வானொலியை உருவாக்கினார். பின்னர் அது தென்னாபிரிக்காவிலே தொழிற்சாலைப் பொருளாயிற்று. ஏறத்தாழ அதே ஆண்டுகளில், அச்செய்தி எட்டாத வன்னி மக்கள், தம் கையில் இருந்தவற்றைக் கொண்டே அதே பயனைக் கண்டனர்.

பழைய வானொலிக் கருவிகளைப் புதுப்பிப்போர் இன்றும் உலகெங்கும் உளர். மாதிரி விமானங்களைத் தரையிலிருந்து வானொலி அலையால் இயக்கும் கலை 1930களில் அமெரிக்காவில் வளரத் தொடங்கியது. வால்டர் குட், வில்லியம் குட் என்னும் சகோதரர்கள் அதன் முன்னோடிகளுட் சிறந்தவர்கள். பிற்காலத்தில் 27 மெகாஹேட்ஸ் போன்ற அலைகளில் இயங்கிய அக்கால ஒலிபரப்பிகளை இக்கால ஆர்வலர்கள் எறிந்துவிடுவதில்லை. கைக்குப் பழகிய கூட்டையும் நெம்புகோல்களையும் வைத்துக்கொண்டு, உள்ளிருக்கும் பழைய சுற்றை அகற்றிவிடுகின்றனர். நெம்புகோலின் அசைவை எண்ணாக மாற்றும் சிறு கணிப்பான் சில்லையும் 2.4 கிகாஹேட்ஸ் அலையில் இயங்கும் புதிய உறுப்பையும் அங்கே பொருத்துகின்றனர். அவர்கள் உடலை வைத்து உள்ளத்தை மாற்றினர். வன்னி மக்களோ உடலையும் உள்ளத்தையும் அப்படியே வைத்து உணவை மட்டும் மாற்றினர். முன்னது பழமைமீது கொண்ட பற்றினாற் செய்வது. பின்னது தேவையினாற் செய்தது. எனினும், கருவியை அதன் விதிக்கு விட்டுவிடாமல், அது எவ்வாறு இயங்குகின்றது என்று அறிந்து திருத்திக்கொள்ளும் மனப்பாங்கு இருசாராருக்கும் ஒன்றே.

2002 தொடக்கத்தில் பொருள்கள்மீதான தடைகள் தளர்த்தப்பட்டன. பெப்ரவரி 22இல் போர்நிறுத்த உடன்படிக்கை கைச்சாத்தானது. மின்கலங்கள் மீண்டும் கிளிநொச்சிக் கடைகளுக்கு வந்தன. கவிழ்ந்து கிடந்த வண்டிகள் நிமிர்ந்து வீதிக்குச் சென்றன. ஆனால் அமைதி நிலைக்கவில்லை. மீண்டும் மூண்ட போர் 2009 மே மாதத்தில் முல்லைத்தீவுக் கரையோரத்தில் முடிந்தபோது, வன்னி மக்கள் வீடுகளை மட்டுமன்றி வீட்டுப் பொருள்களையும் ஏறக்குறைய முற்றாக இழந்திருந்தனர். இருவாயிகள் ஒட்டவைக்கப்பட்ட சிறு பலகைகளும் கம்பி நீண்ட பழைய டைனமோக்களும் அவ்வழிவிலே பெரும்பாலும் மறைந்தன. போருக்குப் பின் மின்சாரம் திரும்பியது. கைத்தொலைபேசி வானொலியின் இடத்தைப் பெரிதும் பிடித்துக்கொண்டது. 2017 ஏப்ரல் இறுதியில் பி.பி.சி. தமிழோசையின் வானொலி ஒலிபரப்பும் நின்றது. அடுத்த ஆண்டு வெரித்தாசின் சிற்றலை ஒலிபரப்பும் ஓய்ந்தது. கருவியும் போயிற்று, அது தேடிய குரலும் போயிற்று.

எஞ்சியிருப்பது மிதித்தவர்களின் நினைவே. அன்று பதினைந்து வயதில் மிதியைச் சுழற்றியவர் இன்று நடுவயதைக் கடந்துகொண்டிருக்கிறார். எந்த இருவாயியை எங்கிருந்து எடுத்தார், மின்குமிழை ஏன் இணைத்தார், எத்தனைபேர் சுற்றியிருந்து கேட்டனர் என்பன அவர் சொன்னாலன்றி எவருக்கும் தெரியா. நீர்மூழ்கிக் கப்பலின் உறுப்புக்களாற் கொழும்பிலே ஒலிபரப்பி அமைந்த செய்தியை நாட்டின் வானொலி வரலாறு மறவாது போற்றுகின்றது. வன்னியின் முற்றங்களிலே சக்கரம் சுழல ஒலித்த பெட்டிகளும் அவ்வரலாற்றின் ஓர் ஏடாகும். ஒலிபரப்புவோரால் மட்டும் வானொலி வாழ்வதில்லை. எவ்வளவு இடர் வரினும் கேட்டே தீருவோம் என்று உழைத்தவர்களாலும் அது வாழ்ந்தது. ஒரு பாடசாலை மாணவன் தன் பேரனாரிடமோ தாய்மாமனிடமோ இக்கதையைக் கேட்டு, அச்சுற்றை ஒரு தாளில் வரைந்து வைப்பானாயின், அந்த ஏடு எழுதப்படத் தொடங்கிவிடும்.